சக்கைக் கரியும் சும்மா இருக்காத கையும்

காப்பி மிஷினோடு மல்லுக்கட்டிப் பிழைக்கிற பெண்ணுக்குக் கரி செய்கிற வேலை எதற்கு என்று கேட்டால், அவளுக்கே சிரிப்பு வரும். ஓர் அலுவலகக் கேன்டீனில் நாள் முழுக்கக் காப்பி போடுவாள். சாயங்காலம் மற்றவர்கள் கைப்பையோடு கிளம்ப, இவள் வாளி நிறையக் காப்பிச் சக்கையோடு கிளம்புவாள். 'சக்கை ராணி' என்று பெயரே விழுந்துவிட்டது. அதற்கெல்லாம் அசருகிற ஆளா அவள்?

மாடியில் பழைய போர்வையை விரித்துச் சக்கையை உலர்த்துவாள். மூடி போட்ட தகர டின்னில் அதைக் கருக்கி, மாவுக் கஞ்சி விட்டுப் பிசைந்து, குழாய்த் துண்டில் அமுக்கிக் கட்டிகட்டியாகத் தட்டி எடுப்பாள். முதலில் செய்ததெல்லாம் உதிர்ந்து கொட்டியது. "வீட்டுக்குள்ள படுத்தா காப்பி டம்ளருக்குள்ள படுத்த மாதிரி இருக்கு" என்று புருஷன் புலம்பினான். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எல்லாம் அக்காவுக்காக. அக்காவும் மாமாவும் தெருமுனையில் கிரில் கடை வைத்திருந்தார்கள். மாமா மலிவாக வாங்கிப் போடும் அரைகுறைக் கரி குபுகுபுவென்று புகையும். பக்கத்தில் நின்று கோழி நறுக்கும் அக்கா இருமுவாள். ஒரு வாக்கியத்தை உருப்படியாகச் சொல்லி முடிக்க முடியாது. புகைப் பக்கமே போகாதே என்றார் டாக்டர். கடையை வைத்துக்கொண்டு அவள் எங்கே போவாள், பாவம்!

தங்கையின் நச்சரிப்புத் தாங்காமல் மாமா கடைசியில் இறங்கி வந்தார்.

"இன்னிக்கு ஒரு நாள் போட்டுப் பாக்குறேன். ஒத்து வரலைன்னா இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது, சரியாம்மா?"

"சரி மாமா."

கடை அடுப்பில் சக்கைக் கரி பிடித்துக்கொண்டது. புகையே இல்லை. மேலே சாம்பல் பூத்து, உள்ளுக்குள் சமர்த்தாகக் கனன்றது. மாமாவுக்கோ, புகையாத அடுப்பு அணைந்த அடுப்பு. கை தானாக விசிறியை எடுத்தது.

"விசிறாதீங்க மாமா!"

"அணைஞ்சு போச்சும்மா."

"ஐயோ, எரியுது மாமா!"

விசிறினார் பாருங்கள், அப்படி ஒரு விசிறல்! சாம்பல் அத்தனையும் பறந்து கோழிமேல் உட்கார்ந்தது. சாப்பிட வந்த ஒருவர் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"போதும்மா. மூட்டையைக் கட்டு" என்றார் மாமா.

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. வெடுக்கென்று விசிறியைப் பிடுங்கி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"நீங்க போய்க் கல்லாவுல உக்காருங்க. அக்கா வாட்டட்டும்!"

மச்சினி இப்படிக் கத்தி அவர் பார்த்ததில்லை. போய்க் கல்லாவில் உட்கார்ந்தார்.

அக்கா அடுப்பருகே வந்தாள். கோழியைத் திருப்பிப் போட்டபடியே, மாடிவீட்டுச் சண்டையைத் தங்கைக்குச் சொல்ல ஆரம்பித்தாள். யார் முதலில் கத்தியது, யார் யாருடைய வாளியை உடைத்தது, எல்லாம் விலாவாரியாக. கோழி பொன்னிறமாக வெந்து இறங்கியது. கதை மட்டும் ஓயவில்லை.

மாமா கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். முகமே ஒரு மாதிரி இருந்தது.

"என்னடி, இருமலையே காணோம்?"

அக்காவுக்கும் அப்போதுதான் உறைத்தது. "ஆமாங்க! எனக்கே தோணல" என்றாள்.

மாமா பழைய கரி மூட்டையைத் தரதரவென்று இழுத்துப்போய்க் கடைக்கு வெளியே தள்ளினார். திரும்பி வந்து மச்சினியின் முன்னால் நின்றார்.

"இவ இவ்ளோ நேரம் பேசி நான் கேட்டே வருஷக்கணக்காச்சும்மா. நாளைக்கும் கொண்டா."