வாங்கோவூரின் கதிர்

என் பழைய மாணவி யோகேஸ்வரி வவுனியாவிலிருந்து தொலைபேசி எடுத்தாள். "சார், நம்ம லெட்சுமி டீச்சர் போயிட்டாங்க" என்றாள். வட்டக்கச்சியில் எங்களோடு சித்திரம் படிப்பித்த லெட்சுமி டீச்சரை அறிந்தவர்களுக்காகவே இந்த அஞ்சலியை எழுதுகிறேன்.

எழுபத்தேழாம் ஆண்டு இன வன்செயலுக்குப் பின் மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வன்னிக்கு வந்து குடியேறியவர்களில் அவரும் ஒருவர். அவ்வாறு வந்த பிள்ளைகள் என் வகுப்பிலும் இருந்தார்கள். அதை யோசிக்காமல் ஒருநாள் 'எங்கள் ஊர்' என்று கட்டுரை எழுதக் கொடுத்துவிட்டேன். ஏழு கொப்பிகள் வெறுமையாகத் திரும்பி வந்தன. "எந்த ஊர எழுதுறது சார்?" என்று கேட்டவள் யோகேஸ்வரி. அவள் ஒருத்திதான் வாய் திறந்து கேட்டாள்.

ஓய்வறையில் நான் தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். டீச்சர் கொப்பிகளைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: "ஊர் இல்லேன்னா ஒண்ணு செஞ்சிருவோம் சார்."

செய்தார்கள். வகுப்பு முழுவதும் சேர்ந்து வரைபடம் கீறியது. குளம், சந்தை, வைத்தியசாலை எல்லாம் வைத்தார்கள். வாங்கோவூர் என்று பெயரும் இட்டார்கள். பாடசாலைக் கண்காட்சிக்கு அந்த ஊருக்கு ஒரு சின்னம் தேவைப்பட்டது. நெல் வேண்டும் என்றார்கள் பாதிப் பேர், தேயிலை வேண்டும் என்றார்கள் மீதிப் பேர். "ரெண்டும் ஒண்ணாகட்டும். சின்னம் நகரட்டும்" என்றார் டீச்சர்.

வட்டமான பிஸ்கட் தகரம் ஒன்றின் மேற்பாதியில் எட்டுப் பிளவுகள் வெட்டினார். உள்ளே எட்டுப் படங்கள் வரைந்த கடதாசிப் பட்டியை ஒட்டினார். தகரத்தைப் பழைய சைக்கிள் சில்லின் அச்சில் பொருத்திச் சுற்றிவிட்டு, பிளவு வழியே பார்க்கச் சொன்னார். பார்த்தேன். தேயிலைக் கொழுந்து நீண்டு, மணி கட்டி, நெற்கதிராகி நின்றது. தொலைக்காட்சி என்பதைக் கேள்வியில் மட்டும் அறிந்த காலம் அது. மறுபடியும் சுற்றிவிட்டுப் பார்த்தேன்.

கண்காட்சிக்கு முதல்நாள் தகப்பன்மாரில் ஒருவரான கந்தையா அண்ணை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"உது சப்பி, டீச்சர்! மணி பிடிச்ச கதிர் குனியும். நிமிந்து நிண்டா உள்ளுக்கு ஒண்டுமில்லை."

"தேயிலையில நிமிந்து நிக்கிற கொழுந்தத்தான் அண்ணே நாங்க பறிப்போம்" என்றார் டீச்சர்.

அதற்குள் வயல்காரப் பிள்ளைகள் "சப்பியூர்! சப்பியூர்!" என்று கத்தத் தொடங்கிவிட்டார்கள். யோகேஸ்வரி வரைபடத்தைச் சுருட்ட எழுந்தாள். அந்தப் பிள்ளைக்குக் கிடைத்த ஒரே ஊரும் போகப் போகிறது என்று நான் பயந்தேன்.

"என்ன செய்யப் போறியள் டீச்சர்? கதிரை அழிக்கிறதோ?"

"பிழைய அழிக்காதீங்க சார். இன்னும் நாலு படம் குடுத்தா அதுவே குனிஞ்சிரும்."

பெரிய தகரம் ஒன்று தேடி, பன்னிரண்டு பிளவுகள் வெட்டினார். கதிர் எந்த இடத்தில் வளையும் என்று கந்தையா அண்ணை கையை மடித்துக் காட்டக் காட்ட, டீச்சர் வரைந்தார். மறுநாள் தகரம் சுற்றியது. கொழுந்து வளர்ந்து கதிரானது. கதிர் மெல்லத் தலை சாய்த்து, வந்தவர்களை வணங்கியது. வரிசையில் நின்ற பெரியவர்கள் சிலர் தம்மையறியாமல் திருப்பிக் கைகூப்பினார்கள். கந்தையா அண்ணை மூன்று தரம் வரிசையில் வந்தார். "இப்ப நெல்லு" என்றார்.

அடுத்த கிழமை யோகேஸ்வரியின் கொப்பியில் நான்கு பக்கம் நிறைந்திருந்தது.

எத்தனையோ படிப்பித்திருக்கிறேன். ஒரு பிழை வணக்கமாக மாறியதை அந்த ஒருமுறைதான் கண்டேன்.

தகரம் பின்னாளில் யுத்தகால இடப்பெயர்வில் போய்விட்டது. பிள்ளைகள் சுற்றிய வேகத்தில் கண்காட்சியன்றே கிழிந்த நாலாம் படம் மட்டும் என்னிடம் உண்டு. டீச்சர் புதிதாக ஒன்று வரைந்து ஒட்டியபோது கிழிந்ததை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். அது கொழுந்தும் இல்லை, கதிரும் இல்லை. தனியே பார்த்தால் கை தவறி வரைந்ததுபோல் இருக்கும். அதற்குப் பிறகு எட்டுப் படங்கள் வரும் என்பது எனக்குத் தெரியும்.