அப்பா கழற்றிய வயரிங், நான் மாட்டிய வயரிங்

எங்கள் அன்பிற்குரிய அப்பா கர்த்தருடைய சமூகத்திற்குச் சென்று, வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு ஓராண்டு நிறைகிறது. அவருடைய வாழ்க்கையை இந்த மலரில் எழுதும் பொறுப்பை அண்ணன் என்னிடம் ஒப்படைத்தபோது, "பொறந்த ஊர்ல ஆரம்பிச்சு வரிசையா எழுது ஜெனி. நடுவுல உன் ஆராய்ச்சி எல்லாம் வேணாம்" என்று சொல்லித்தான் கொடுத்தார். முயன்று பார்த்தேன். வரிசையாக வரவில்லை. அப்பாவை எங்கே தொட்டாலும் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் அம்பாசிடர் காரில் போய் முட்டுகிறது. உறவினர்களும், அப்பாவோடு தோல் பதனிடும் டேனரியில் உழைத்த நண்பர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இருந்தாலும் வரிசையைச் சொல்லிவிடுகிறேன். அப்பா பேர்ணாம்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில், நான்கு பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது தாத்தா இறந்துபோனார். அடுத்த மாதமே அப்பா ஆம்பூரில் ஒரு டேனரியில் வேலைக்குச் சேர்ந்தார். சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து ஈரத்தோலை இழுத்து வெளியே போடும் வேலை. கையெல்லாம் வெந்துபோயிருக்கும் என்று அத்தைகள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்; அப்பா ஒரு நாளும் சொன்னதில்லை. அந்தக் கைகளால்தான் மூன்று தங்கைகளையும் படிக்கவைத்தார். பிறகு தோலைப் போட்டுச் சுழற்றும் டிரம் பிரிவில் மேஸ்திரி ஆனார். ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருந்த அம்மாவை மணந்தார். அண்ணன் பிறந்தார், ஏழு வருடம் கழித்து நான் பிறந்தேன். ஞாயிறு ஆராதனைக்கு அப்பா ஒரு நிமிடம் தாமதமாக வந்ததாக யாரும் சொல்ல முடியாது. கோபம் வந்தால் பேசமாட்டார். சந்தோஷம் வந்தாலும் பேசமாட்டார். இரண்டில் எது என்று கண்டுபிடிப்பது எங்கள் வேலை.

டேனரி முதலாளி புது வண்டி எடுத்தபோது தன்னுடைய பழைய அம்பாசிடரை அப்பாவிடம் கொடுத்தார். அப்பா நாற்பது வயதுக்கு மேல் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டார். எங்கள் தெருவில் பிரசவ வலி வந்த எத்தனையோ பெண்கள் அந்த வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பாலாற்றில் தண்ணீர் வந்த வருடம் தெருப்பிள்ளைகள் பதினோரு பேரை ஏற்றிக்கொண்டு தண்ணீர் காட்டக் கூட்டிப்போனார். வண்டிக்குள் நாங்கள் கத்திக்கொண்டிருந்தோம். அப்பா அன்றைக்கும் பேசவில்லை. சந்தோஷம்தான் என்று நினைக்கிறேன்.

இனி எனக்குப் புரியாத பகுதி.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் அப்பா எனக்குப் போன் செய்தார். நான் சென்னையில் வேலையில் இருந்தேன். "வண்டிக்கு வயரிங் மொத்தமா மாத்தலாம்னு பாக்குறேன். புது செட்டு வாங்கியாச்சு. நீ இன்னா சொல்ற?" என்று கேட்டார். காட்பாடியில் எலக்ட்ரிகல் இன்ஜினியரிங் படித்தவள் நான். எனக்குக் குஷி தாங்கவில்லை. "சூப்பர்ப்பா! இந்த வாரம் வர்றேன், ரெண்டு பேரும் பண்ணலாம்" என்றேன். அந்த வாரம் போகவில்லை. அடுத்த வாரமும் போகவில்லை. மூன்றாவது வாரம் அம்மா போன் செய்து, "உங்கப்பா வண்டிய குடலை உருவுன மாதிரி உருவிப் போட்டுட்டாரு" என்றார். அதற்கடுத்த வாரம் காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தது. வேலூர் ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் அப்பா எங்களைவிட்டுப் பிரிந்தார்.

ஓடிக்கொண்டிருந்த வண்டியை ஏன் பிரித்தார்? அண்ணனைக் கேட்டால், "நல்லா செஞ்சு வித்துடலாம்னு இருந்திருப்பாரு" என்கிறார். அம்மாவைக் கேட்டால், "வீட்ல சும்மா உக்கார முடியல அவரால" என்கிறார். நான் சொன்னபடி போகாததால்தான் தனியாகத் தொடங்கினாரா, அல்லது பிரித்துப் போட்டால் நான் ஓடி வருவேன் என்று நினைத்தாரா? ஒவ்வொரு நாள் ஒவ்வொரு பதில் சரியாகத் தோன்றுகிறது.

அடக்கத்தன்று ஊர்ப் பெண்களை எல்லாம் ஒரு காலத்தில் ஏற்றிச் சென்ற வண்டி வயர் இல்லாமல் வாசலில் நின்றது. அம்மா வாடகை வேனில் உட்கார்ந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போனார். அது அம்மாவின் மனதில் அப்படியே தங்கிவிட்டது. இரண்டு மாதங்களுக்கு முன் அண்ணன் ஓராண்டு ஆராதனைக்கு ஏற்பாடு பேச பெங்களூரிலிருந்து வந்தபோது அம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார்:

"நான் கல்லறைக்கு வந்தா அந்த வண்டில தான் வருவேன். இல்லன்னா நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க."

"அம்மா, அது வண்டியே இல்லம்மா. வெறும் தகரம். பழைய இரும்புக்காரன்கிட்ட பேசிட்டேன், ஆராதனை முடிஞ்ச மறுநாள் வந்து இழுத்துட்டுப் போறேன்னான்."

"தகரம்னா தகரத்துல வர்றேன்."

நான் இடையில் புகுந்தேன். "அண்ணா, நான் ஓட்டிக் காட்டுறேன். ஓடுச்சுன்னா வண்டி அம்மாகிட்ட இருக்கட்டும்."

"நீ ரெண்டு வருஷத்துல மூணு கம்பெனி மாறினவ. இதுல எத்தன நாள் நிப்ப?"

ஆராதனைக்கு மூன்று வாரம் இருக்கும்போது லீவு போட்டுவிட்டு வந்தேன்.

புது வயரிங் செட் டிக்கியில் பிளாஸ்டிக் உறையோடு இருந்தது. பழையது கொட்டகையில் ஆணியில் தொங்கியது, தொட்டால் மேலுறை தூளாக உதிர்ந்தது. டேஷ்போர்டு பக்கத்து முனைகள் ஒரே பிளக்கில் சேர்ந்திருந்தன; மறுபக்கத்து ஒவ்வொரு வயர் முனையிலும் அப்பா ஒரு சின்னத் தோல் துண்டைக் கட்டியிருந்தார். அதில் எழுத்து எதுவும் இல்லை, ஓட்டைகள்தான். டேனரியில் ஒவ்வொரு தோலுக்கும் எந்த லாட், அதாவது எந்தத் தொகுதி என்று அடையாளம் வைப்பது அப்படித்தான். காகிதம் ஒட்டினால் டிரம்முக்குள் கரைந்துபோகும், மை போட்டால் சுண்ணாம்பு தின்றுவிடும், ஓட்டை மட்டும்தான் கடைசிவரை நிற்கும். கூடவே ஒரு நோட்டு இருந்தது. இடப்பக்கம் இரண்டு புள்ளி, வலப்பக்கம் மூன்று புள்ளி என்றால் ஹாரன். இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் இரண்டு என்றால் பிரேக் லைட். இப்படியே இருபத்தைந்து வரிகள். இன்டர்நெட்டில் எடுத்த வரைபடத்தை நான் முதல் நாளே தூக்கிப் போட்டுவிட்டேன். எங்கள் வண்டியில் முன்பு யார் யாரோ கைக்குக் கிடைத்த நிறத்தில் வயர் போட்டிருந்தார்கள். வரைபடத்தோடு எதுவும் ஒத்துவரவில்லை. அப்பாவின் நோட்டுதான் வழி.

பழைய செட்டையும் புது செட்டையும் வாசலில் பாய் விரித்துப் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தினேன். நீளத்தைப் பார்த்து, கிளை பிரியும் இடத்தைப் பார்த்து, பழைய முனையில் இருந்த தோல் துண்டை அவிழ்த்துப் புது முனையில் கட்டினேன். பிறகு புது செட்டை டேஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து இன்ஜின் பக்கம் தள்ளி, நோட்டைப் பார்த்து ஒவ்வொன்றாக மாட்டினேன். நான்கு நாள். அவ்வளவு அழகாக வந்தது. பேட்டரி இணைப்பைக் கொடுத்தேன்.

பிரேக்கை மிதித்தால் ஹாரன் அடித்தது. ஹாரனை அழுத்தினால் பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. ஹெட்லைட் சரியாக எரிந்தது. இடது இண்டிகேட்டர் போட்டால் வைப்பர் ஒரு முறை துடித்துவிட்டு நின்றது, உடனே பியூஸ் போயிற்று. எல்லாமே தப்பு என்றால் எனக்குப் புரிந்திருக்கும். பாதி சரி, பாதி தப்பு. அதுதான் என்னைப் பைத்தியமாக்கியது. மறுபடி கழற்றி, மறுபடி நோட்டைப் பார்த்து, மறுபடி மாட்டினேன். அதே ஹாரன், அதே சிவப்பு விளக்கு. அப்பா தப்பாக எழுதமாட்டார். நானும் தப்பாகப் படிக்கவில்லை. அப்படியென்றால் என்ன? கடைசி நாட்களில் அப்பாவுக்கு உடம்போடு சேர்ந்து நினைவும் தடுமாறியதோ, எங்கள் யாருக்கும் தெரியாமல் போயிற்றோ என்றுகூட ஒரு பயம் வந்தது. அதை அம்மாவிடம் கேட்கவும் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது.

அப்போதுதான் அன்வர் அண்ணன் வந்தார். டிரம் பிரிவில் அப்பாவுக்குக் கீழே வேலை பழகியவர், வயது முப்பதுதான் இருக்கும். ஆராதனைக்கு வரும் டேனரி ஆட்களுக்கு நாற்காலி எத்தனை வேண்டும் என்று சொல்ல வந்தவர், வாசலில் நின்றுவிட்டார்.

"இன்னா மா, வண்டி ரெடியா?"

"இல்லண்ணா. பிரேக் புடிச்சா ஹாரன் அடிக்குது."

"நல்லதுதானே! முன்னாடி போறவனுக்கும் தெரிஞ்சிடும்ல, இவங்க நிக்கப் போறாங்கன்னு."

"அண்ணா, ஏற்கெனவே பேஜாரா இருக்கேன்."

"சரி சரி, கோச்சிக்காத. நாங்க தோல் லாட்டு கலந்துபோச்சுன்னா இதைவிட ஜாஸ்தி திட்டு வாங்குவோம் உங்கப்பாகிட்ட. இன்னா மார்க் கீது இதுல?" என்று ஒரு தோல் துண்டைக் கையில் எடுத்தார்.

"மூணு, ரெண்டு" என்றேன்.

"ரெண்டு, மூணு மா."

"இல்லண்ணா. நல்லா பாருங்க, இடது பக்கம் மூணு."

அவர் என்னைப் பார்த்தார், தன் கையிலிருந்த துண்டைப் பார்த்தார். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்து சிரித்தார். அந்தத் துண்டைக் கையில் எடுத்தவுடனே, யோசிக்காமலே, கட்டைவிரலால் அதைத் திருப்பியிருந்தார். எதிரே நின்ற நான் பளபளப்பான மேல்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சொரசொரப்பான சதைப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டுக்கும் அதே ஓட்டைகள்தான். இந்தப் பக்கமிருந்து இடது என்பது அந்தப் பக்கமிருந்து வலது. இடமும் வலமும் சமமாக ஓட்டை போட்ட துண்டுகள் மட்டும் எப்படிப் பார்த்தாலும் சரியாக வந்திருக்கின்றன. ஹெட்லைட் எரிந்தது அதனால்தான்.

"தோல்ல மார்க் போட்டா சதைப்பக்கம்தான் மா படிப்பாங்க. மேல்பக்கம் வாங்கறவனுக்கு. இதுகூடத் தெரியாமலா மேஸ்திரி பொண்ணா இருக்க?"

"நோட்டுல ஒரு வரி எழுதியிருக்கலாம்ல அண்ணா?"

"இதை யாரு எழுதுவா? சோறு எந்தக் கையால சாப்பிடணும்னு எழுதி வெப்பாங்களா?"

அவர் போன பிறகு எனக்கு ரொம்ப நேரம் கோபமாக இருந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. அப்பா தனக்காகத்தான் அந்த நோட்டை எழுதினார் என்றால், எல்லாவற்றையும் மனதில் வைத்திருக்கும் மனிதருக்கு நோட்டு எதற்கு? எனக்காக எழுதினார் என்றால், எனக்குத் தெரியும் என்று எப்படி நினைத்தார்? அம்மாவிடம் கேட்டேன்.

"உனக்கும் இல்ல, அவருக்கும் இல்ல. அவருக்கு எதைச் செஞ்சாலும் மார்க் போட்டாவணும். உன் ஸ்கூல் பையில போட்டாரு, அரிசி மூட்டைல போட்டாரு. என்னோட செருப்புல போட்டாரு, சர்ச் வாசல்ல மாறிடுமாம்."

மறுநாள் மதியத்துக்குள் எல்லாத் துண்டுகளையும் திருப்பிப் படித்து மாற்றி மாட்டினேன். பிரேக்கை மிதித்தேன், சிவப்பு விளக்கு. ஹாரனை அழுத்தினேன், ஹாரன். சாவியைத் திருப்பினேன். இரண்டு முறை இருமிவிட்டு இன்ஜின் பிடித்துக்கொண்டது. நான் யாரையும் கூப்பிடவில்லை. அம்மா கைப்பையோடு வெளியே வந்து முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"வைப்பர் வேலை செய்யுதா?"

"மழையே இல்லம்மா."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

போட்டுக் காட்டினேன். பாலாற்றுப் பாலம்வரை போய்த் திரும்பினோம். அம்மா வழி முழுதும் ஒன்றும் பேசவில்லை. எங்கள் குடும்பத்தில் இதற்கு என்ன அர்த்தம் என்று இந்த முறையும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வீட்டு வாசலில் இறங்கும்போது, "தூசியா கீது. ஞாயித்துக்கிழமைக்குள்ள கழுவிடு" என்றார். அண்ணனுக்குப் போன் செய்தேன். "இரும்புக்காரன வேணாம்னு சொல்லிடறேன். ஆனா கல்லறைக்கு நான்தான் ஓட்டுவேன்" என்றார்.

வேலை முடிந்து நோட்டை மூடும்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். இருபத்தைந்து வரிகளுக்குக் கீழே இருபத்தாறாவதாக அப்பா ஓர் அடையாளம் வரைந்திருக்கிறார். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் நான்கு. எதிரே ஒன்றும் எழுதவில்லை. அதே ஓட்டைகளோடு ஒரு தோல் துண்டும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது, எந்த வயரிலும் கட்டாமல். வண்டியில் எல்லாம் வேலை செய்கிறது, எதுவும் மிச்சம் இல்லை. அன்வர் அண்ணனுக்கும் தெரியவில்லை. அப்பாவோடு வேலை செய்தவர்கள் யாருக்காவது ஒன்று-நான்கு என்றால் என்ன என்று தெரிந்தால் ஆராதனைக்குப் பிறகு என்னிடம் சொல்லுங்கள். சதைப்பக்கத்திலிருந்துதான் படித்தேன்.

அப்பாவைக் கடைசி மூன்று நாட்கள் தங்கள் சொந்தத் தகப்பனைப்போலப் பார்த்துக்கொண்ட ஆஸ்பத்திரி செவிலியர்களுக்கும், அடக்கத்திலும் அதன் பின்பும் எங்கள் வீட்டைவிட்டு அகலாத போதகர் ஐயா அவர்களுக்கும், ஒரு வாரம் சாப்பாடு கொண்டுவந்து எங்கள் அடுப்பு எரியாதபடி பார்த்துக்கொண்ட தெருவினருக்கும், தூரத்திலிருந்து வந்த அத்தைமார் குடும்பங்களுக்கும், டேனரி நண்பர்கள் அனைவருக்கும், அன்வர் அண்ணனுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. என்னை நம்பாமலே பொறுத்துக்கொண்ட அண்ணனுக்கும் நன்றி.

இன்னும் ஓர் உதவி கேட்கிறேன். இதை அச்சகத்துக்குக் கொடுக்கும் இன்று காலை வண்டி சாவியின் முதல் திருப்பலில் கிளம்பியது. நேற்றுக் கிளம்பவில்லை. இரண்டு நாளைக்கும் நடுவில் நான் எதையும் மாற்றவில்லை, காரணமும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கல்லறைத் தோட்டத்துக்குப் புறப்படும்போது, ஆலய வாசலில் வண்டி நகராமல் நின்றால், தயவுசெய்து நான்கு பேர் பின்னால் வந்து கை கொடுங்கள். அம்மா இறங்கமாட்டார்.

கண்ணீரோடும் நன்றியோடும்,
மகள் ஜெனி