சௌசௌப் பந்தலடியில் ஓர் உயிர்

நாடி பார்க்கும்போதும் வைத்தியக்காரி நிகாசியாவின் வாய் ஓயாது. கட்டைவிரல் நோயாளியின் மணிக்கட்டில், கண் அடுப்பில் கொதிக்கும் பயறில். "ஆத்துத் துறை... காப்பித் தோட்டம்... கோயில் படி..." என்று ஒவ்வோர் இடமாகச் சொல்லிக்கொண்டே போவாள். திடுக்கிட்டுப் பயந்தால் உயிர் அந்த இடத்திலேயே நழுவி விழுந்துவிடும் என்பது அந்த மலையின் நம்பிக்கை. எந்தப் பெயருக்கு ரத்தம் துள்ளுகிறதோ, அங்கேதான் பயந்தவனின் உயிர் விழுந்து கிடக்கிறது. அந்த இடத்துக்கே போய், இலைக்கொத்தால் தரையைத் தட்டிப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அதுவரை அவன் தொண்டையில் சோளரொட்டி இறங்காது.

கூப்பிடப் புறப்படுமுன் அவளுக்கு வயிறு நிறைய வேண்டும். "பசியோட கூப்பிட்டா குரல் எழும்பாது. விழுந்து கிடக்குற உயிருக்குக் காது வேற மந்தம்" என்பாள். நோய் தீராவிட்டால் தண்டனையாக அந்தோணியார் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிடுவாள்.

சிரிலோ நோயாளியாக வந்ததிலிருந்து அந்தோணியார் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆற்றில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னான். துறையில் தண்ணீரைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டும் பயனில்லை. ஆள் துரும்பாக இளைத்தான். பிள்ளைத்தாச்சி மனைவி லூசா கண்ணைக் கசக்கினாள். நிகாசியாவுக்கே உள்ளூரப் பயம் தட்டியது. மறுபடி கையைப் பிடித்தாள்.

"பாலம்... சந்தை... உன் மாமியா வீடு..."

நாடி துள்ளியது பாருங்கள், ஆட்டுக்குட்டி தோற்றது!

"அடப்பாவி! அங்க உனக்கு என்னடா வேலை?"

"அம்மா வீட்டு சௌசௌதான் வேணும்னு இவ மசக்கைல அழுதா அக்கா. வேலி ஏறினேன். வான்கோழி மூஞ்சில பாஞ்சிருச்சு."

"வான்கோழிக்குப் பயந்துட்டு ஆத்து மேல பழியப் போட்டியா? பாவம், அதைப் போய் அந்த அடி அடிச்சேனே!"

சிரிலோ பெண் கேட்காமலே லூசாவைக் கூட்டிக்கொண்டு போனவன். அன்றிலிருந்து மாமியார் ஒப்துலியாவுக்கு இருவரோடும் பேச்சில்லை. மூவரும் போய் நின்றபோது விறகுக்கட்டையோடு வழிமறித்தாள்.

"திருட்டுப் பயலுக்கு என் வாசல்ல என்ன சோலி?"

"அவன் உயிர் உன் சௌசௌப் பந்தலடில கிடக்குடி. இப்படியே செத்தான்னா காலத்துக்கும் உன் வீட்டைத்தான் சுத்துவான், பாத்துக்க."

ஒப்துலியா கட்டையைக் கீழே போட்டாள். நிகாசியா இலைக்கொத்தை அவள் கையில் திணித்தாள். "மண்ணு உன்னுது. நீ கூப்பிட்டாத்தான் விடும்."

அப்படி ஒரு விதி அந்த மலையில் யாரும் கேட்டதில்லை. அப்போதுதான் பிறந்தது.

உயிர் திரும்பும் நொடியில் அதை உடம்பில் நிறுத்த நோயாளியின் முகத்தில் ஊதுவதற்காக ஒரு வாய் கரும்புச் சாராயத்தை அடக்கிக்கொண்டு நிகாசியா தயாராக நின்றாள். ஒப்துலியா வேண்டாவெறுப்பாகத் தரையைத் தட்டினாள். "சிரிலோ, எந்திரி." போதாது என்று நிகாசியா கையை ஆட்டினாள். ஒப்துலியாவின் பார்வை மகளின் வயிற்றில் போய் நின்றது. இலைக்கொத்தை ஓங்கித் தட்டினாள்.

"எந்திரிச்சு வா சாமி... நம்ம வீட்டுக்கு வா மகனே!"

"வந்துட்டேன் அத்தை" என்று தேம்பினான் சிரிலோ.

எல்லோரும் நிகாசியாவின் ஊதலுக்குக் காத்திருந்தார்கள். அவள் அவனைப் பார்த்தாள், ஒப்துலியாவைப் பார்த்தாள். பிறகு வாயிலிருந்த சாராயத்தை மடக்கென்று விழுங்கிவிட்டாள்.