கொஞ்சம் நவுந்துக்குங்க, நல்லசிவம்

என் வீட்டுக்காரர் சில்வஸ்டரிடம் வரையாட்டுப் படம் மட்டும் நாலாயிரத்துச் சொச்சம் இருக்கிறது. எங்கள் கல்யாணப் படம் மொத்தமே பதினாறு. அதிலும் இரண்டில் அவர் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. குறையாகச் சொல்ல வேண்டியது வேறொன்று இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

அவர் வெடிமருந்துத் தொழிற்சாலையில் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த வேலையின் பழக்கங்களே தனி. வாசலில் ஒரு தட்டு இருக்கும். தீப்பெட்டி, போன், பேட்டரி, எதுவாக இருந்தாலும் அதில் வைத்துவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும். உள்ளே ஓடக் கூடாது, கத்தக் கூடாது. எண்ணியதை எண்ணியபடி எழுத வேண்டும். இருபத்தொன்பது இருந்தால் இருபத்தொன்பதுதான். முப்பது இருக்க வேண்டுமே என்று முப்பது எழுதிவிட்டால், காணாமல் போன ஒன்றை அப்புறம் யாரும் தேட மாட்டார்கள். வெடிமருந்தில் அது விளையாட்டுக் காரியமில்லை.

வீட்டிலும் மனிதர் அப்படியேதான். பால் பொங்கி வழிந்தாலும் நடந்துதான் வருவார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனால் வாசலிலேயே கை தானாகப் பாக்கெட்டைத் துழாவும். "இது கோயிலுங்க, மாதா உங்களைச் சோதனை போட மாட்டாங்க" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். சிரிப்பார். அடுத்த வாரமும் துழாவுவார்.

நான் மெட்டில்டா. குன்னூரில் ஆரம்பப் பள்ளி டீச்சராக இருந்தவள். கோபக்காரி என்று பெயரெடுத்தவள். அந்தப் பெயரில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

பதினொரு வருஷத்துக்கு முன்னால் எங்கள் மகள் ஷைனா முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு ஒரு கேமரா வாங்கிக் கொடுத்தாள். அன்றோடு எனக்கு வீட்டுக்காரர் பாதி போனார். முதலில் தேயிலைத் தோட்டத்துக் காட்டெருமை, பிறகு சோலைக்குள் இருக்கும் குருவிகள், கடைசியில் முக்கூர்த்தி வரையாடு. முக்கூர்த்தி தேசியப் பூங்காவுக்குள் நினைத்த நேரம் நினைத்தவர் போய்விட முடியாது. வனத்துறையின் அனுமதி வேண்டும், கூடவே அவர்களுடைய ஆள் ஒருவர் வர வேண்டும். வருஷா வருஷம் வரையாடு கணக்கெடுப்புக்குத் தன்னார்வலர்களைக் கூப்பிடுவார்கள். இவர் முதல் ஆளாகப் பெயர் கொடுத்துவிட்டு, அவலாஞ்சி போகிற வண்டிக்காக விடியற்காலையில் ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நிற்பார்.

அங்கே கூட வந்த ஆள்தான் நல்லசிவம். வேட்டைத் தடுப்புக் காவலர், தற்காலிக வேலை. வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பித்தால்தான் அடுத்த வருஷம் உண்டு. மெலிந்த ஆள். பச்சைக் குல்லாவைக் காதுவரை இழுத்து விட்டிருப்பார். பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் இரண்டு பேசுவார். ஆனால் எந்தச் சரிவில் எந்த மந்தை எத்தனை மணிக்கு மேயும் என்று அவருக்குத் தெரியும். இவர் எடுத்த நாலாயிரம் படத்துக்கும் வழி காட்டியவர் அவர்.

அறிமுகமான இரண்டாவது வருஷம் ஐப்பசியில் ஒரு நாள், ஒரு கிடாயைப் படம் எடுக்கிறேன் என்று சொன்ன பேச்சைக் கேட்காமல் இவர் சரிவில் இறங்கிவிட்டார். மஞ்சு இறங்கியது. கை நீட்டினால் கை தெரியாத மஞ்சு. புல்லில் வழுக்கிக் கணுக்கால் பிசகி, பள்ளத்து விளிம்பில் ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார். நல்லசிவம் தவழ்ந்து இறங்கி, தன் துண்டால் இவரை முதுகோடு சேர்த்துக் கட்டி, முகாம்வரை நாலு கிலோமீட்டர் சுமந்து வந்தார். நான் நன்றி சொன்னபோது, "ஒண்ணுமில்லீங்க டீச்சரக்கா, சார் கனமே இல்லீங்க" என்றார். இவர் அப்போது எண்பத்திரண்டு கிலோ.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் செபமாலையில் நல்லசிவத்தின் பெயர் உண்டு. அவருடைய சாமி வேறு. அதனால் என்ன, எங்கள் மாதா அதையெல்லாம் பார்ப்பவள் இல்லை.

இந்த வருஷம் மார்ச் கடைசியில் நல்லசிவத்தின் மேல் ஒரு மொட்டைக் கடிதாசி போய்விட்டது. ஆள் ரோந்தே போவதில்லையாம், முகாமில் கணப்புப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு பதிவேட்டை நிரப்புகிறாராம். மேற்குச் சரிவில் இருபத்து மூன்று வரையாடுகள் இருப்பதாக அவர் பிப்ரவரி முழுக்க எழுதியிருந்தார். அது இரண்டு மணி நேர ஏற்றம். வேறு யாரும் அங்கே போய்ப் பார்த்ததில்லை. புதிதாக வந்திருந்த ரேஞ்சர் வசந்த்குமார் நியாயமான மனிதர்தான். என் வீட்டுக்காரருக்கே போன் செய்தார்.

"சார், நீங்க இத்தன வருஷமா அவரோட சுத்தறீங்க. அவர் மலை மேல நிக்கற மாதிரி படம் ஏதாச்சும் இருந்தா அனுப்புங்க. ஒண்ணு போதும்."

"ஒண்ணா? நூறு அனுப்பறனுங்க" என்றார் இவர்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். வரையாடு, வரையாடு, மஞ்சு, வரையாடு, சூரிய உதயம், மறுபடி வரையாடு. சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு படத்தின் ஓரத்தில் பச்சையாக ஏதோ தெரிந்தது. குல்லாவின் நுனி. அவ்வளவுதான். நாலாயிரம் படத்தில் நல்லசிவம் இருந்தது அந்த விரற்கடை குல்லாவில் மட்டும்.

"எப்படிங்க ஒண்ணுகூட இல்லாமப் போச்சு?" என்றேன்.

அவர் அந்தக் குல்லாவின் நுனியைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு, "படத்துல ஆள் விழுந்தா நல்லா இருக்காது, மெட்டில்டா. ஒவ்வொரு தடவயும் சொல்லுவேன், கொஞ்சம் நவுந்துக்குங்க நல்லசிவம்னு. அவரும் நவுந்துக்குவார்" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. உயிரோடு சுமந்து வந்து கொடுத்த மனிதரை ஒருவர் இத்தனை வருஷமாகத் தள்ளி நிற்கச் சொல்லியிருக்கிறார்! அந்தப் படங்களில் பாதியை நான்தான் சட்டம் போட்டு மாட்டினேன் என்பதும், எனக்கும் அது ஒரு நாளும் தோன்றவில்லை என்பதும் மூன்றாம் நாள்தான் உறைத்தது. அப்புறம் பேசினேன்.

மிச்சம் இருந்தது ஏப்ரல் கணக்கெடுப்பு ஒன்றுதான். ரேஞ்சர் தெளிவாகச் சொல்லிவிட்டார். மேற்குச் சரிவுக்கு நல்லசிவமும் சில்வஸ்டரும் போக வேண்டும், இந்தத் தடவை இவருக்குக் கூட ஆள் கிடையாது. கணக்கெடுப்பின் முறைப்படி ஒருவர் முன்னால் போவார், இன்னொருவர் அரை மணி நேரம் கழித்துப் போவார். ஒருவரை ஒருவர் பார்க்காமல், பேசாமல், தனித்தனித் தாளில் எழுத வேண்டும். நல்லசிவம் சொன்ன மந்தை அங்கே இருந்தால் வேலை தொடரும். இல்லையென்றால் இந்த வருஷம் புதுப்பிப்பது கஷ்டம்.

"மந்தையயும் எடுக்கறேன், எறங்கி வந்து அவரயும் எடுக்கறேன். இந்தத் தடவ நவுந்துக்கச் சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டு இவர் புறப்பட்டார். நான் வழியில் தின்ன வர்க்கி பிஸ்கட் பொட்டலமும் சுடுதண்ணீர் பிளாஸ்க்கும் கொடுத்து அனுப்பினேன். இனிமேல் சொல்வதெல்லாம் அவரும் நல்லசிவமும் எனக்குச் சொன்னது.

சோதனைச் சாவடியில் ஜெஸிந்தா என்ற வனக்காவலர் பெண் நின்றிருக்கிறாள். கோடைக்காலம், புல் காய்ந்து கிடக்கிறது, தீப் பயம். ஒரு தட்டை நீட்டி, "தீப்பெட்டி, லைட்டர், பிளாஸ்டிக் எது இருந்தாலும் இதுல வெச்சுட்டுப் போங்க சார்" என்றிருக்கிறாள்.

வாசல், தட்டு, சீருடை. முப்பத்து நாலு வருஷத்துக் கைக்கு வேறென்ன வேண்டும்? போன் தட்டுக்குப் போனது. கை கேமராவின் அடியைத் திறந்து பேட்டரியைக் கழற்றியது. பையில் இருந்த இன்னொரு பேட்டரியையும் எடுத்து வைத்தது. மனிதர் நல்லசிவத்தையே நினைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். வேலையெல்லாம் கை பார்த்துக்கொண்டது. பாரம் குறைந்த கேமராவை மாட்டிக்கொண்டு, ஓடாமல், சத்தம் போடாமல், இரண்டு மணி நேரம் ஏறியிருக்கிறார்.

மேலே போய்ப் பாறை மறைவில் உட்கார்ந்தபோது மந்தை இருந்தது. மாதாவே, இருந்தது! அத்தனை வருஷத்தில் இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லையாம். இடது கொம்பு முறிந்த ஒரு கிழக் கிடாய் இருபதடி தூரத்தில் நின்று இவரையே பார்த்திருக்கிறது. கேமராவைத் தூக்கி அமுக்கினார். ஒன்றும் நடக்கவில்லை. அடியைத் திறந்து பார்த்தார். காலியாக இருந்தது.

"எனக்கு அழுகையே வந்துடுச்சு, மெட்டில்டா" என்றார். வந்திருக்கும். அவர் அழுது நான் பார்த்தது ஷைனா பிறந்தபோது ஒரு தடவைதான்.

பிறகு தாளை எடுத்து எண்ண ஆரம்பித்தார். இருபத்திரண்டு. மறுபடி எண்ணினார். இருபத்திரண்டு. ஒரு மணி நேரம் காத்திருந்து, மேய்ந்து நகர்ந்த பிறகு மூன்றாம் தடவை எண்ணினார். அதே இருபத்திரண்டு. நல்லசிவத்தின் பதிவேட்டில் இருபத்து மூன்று என்று இருப்பது அவருக்குத் தெரியும். ரேஞ்சருக்கும் தெரியும். ஒரே ஒரு எண். பேனாவைக் கொஞ்சம் மாற்றி வளைத்தால் போதும், தன்னை முதுகில் சுமந்தவரின் வேலை நிலைக்கும். படமும் இல்லை, வேறு சாட்சியும் இல்லை, கேட்பாரும் இல்லை.

நானாக இருந்தால் எழுதியிருப்பேன். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருபத்து மூன்று எழுதியிருப்பேன். அவர் எழுதவில்லை. இருபத்திரண்டு, நேரம் ஒன்பது நாற்பது, கிழக் கிடாய் ஒன்று, இடது கொம்பு முறிந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இறங்கும்போது, நல்லசிவத்தின் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டோம் என்றே நினைத்துக்கொண்டு இறங்கியிருக்கிறார்.

முகாமில் எல்லாரும் கூடியிருந்தார்கள். நல்லசிவம் முன்னாலேயே வந்து தாளை ரேஞ்சரிடம் கொடுத்துவிட்டுச் சுவரோரம் நின்றிருந்தார். ரேஞ்சர் முதலில் கேட்டது படத்தைத்தான். தொழிற்சாலையில் ஒரு மெமோகூட வாங்காத மனிதர், அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்று சொன்னார்.

"படம் இல்லீங்க சார். பேட்டரியைச் சோதனைச் சாவடித் தட்டுலயே வெச்சுட்டுப் போயிட்டனுங்க. பழைய வேலைப் பழக்கம்."

சிரிப்பில் கொட்டகை அதிர்ந்ததாம். சிரிக்காத ஒரே ஆள் நல்லசிவம். இவர் தாளை நீட்டினார். ரேஞ்சர் வாங்கிப் பார்த்தார். பிறகு மேல்பாக்கெட்டில் மடித்து வைத்திருந்த நல்லசிவத்தின் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். ரொம்ப நேரம் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

நல்லசிவமும் இருபத்திரண்டு என்றுதான் எழுதியிருந்தார். கிடாயின் முறிந்த கொம்பும் இருந்தது. கீழே குறிப்பில், கோணல் எழுத்தில் இன்னொரு வரி. 'குட்டி ஒன்று இல்லை. பாறையடியில் சிறுத்தை எச்சம் கண்டேன்.'

"ஏனுங்க நல்லசிவம், உங்க பதிவேட்டுல இருவத்தி மூணுன்னு இருக்கு. இன்னிக்கு இருவத்தி ரெண்டுன்னு எழுதினா உங்களுக்குத்தான கஷ்டம்? யோசிக்கலயா?" என்று ரேஞ்சர் கேட்டார்.

"யோசிச்சனுங்க" என்றார் நல்லசிவம். "ஆனா இல்லாத குட்டிய எப்படீங்க எழுதறது?"

ரேஞ்சர் சிரித்துவிட்டார். முகாமில் உட்கார்ந்து எழுதுகிற ஆளாக இருந்தால் பழைய இருபத்து மூன்றைத்தானே காப்பியடித்திருப்பார் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். மொட்டைக் கடிதாசியைக் கிழித்து அடுப்பில் போட்டார். வேலை தொடர்கிறது.

திரும்பும்போது நல்லசிவமும் சாவடிவரை கூட வந்தார். அங்கே ஜெஸிந்தா தட்டை நீட்டி, "இதத் தேடிட்டுக் காலைல இருந்து ஒருத்தரும் வரலீங்க சார்" என்றாள். இவர் பேட்டரியைப் போட்டார். மஞ்சு விலகி, பின்னால் மலை முழுசாகத் தெரிந்தது. நல்லசிவத்தின் பக்கம் கேமராவைத் தூக்கினார்.

நல்லசிவம் சட்டென்று ஓரமாக நகர்ந்துகொண்டார்.

இவர் கிட்டே போய், அவர் கையைப் பிடித்து நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார். "இங்கயே நில்லுங்க. நீங்கதான் வேணும்" என்றார். ஒரே ஒரு படம்தான் எடுத்தார்.

இப்போது எங்கள் ஹாலில் திருஇருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில் அது இருக்கிறது. அதற்காக இரண்டு வரையாடுகளைக் கழற்றினேன். போன மாதம் நல்லசிவம் குன்னூருக்கு வந்தபோது வீட்டுக்கு அழைத்து வந்தோம். குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மலை நல்லா விழுந்திருக்குதுங்க டீச்சரக்கா" என்றார். "நான்தான் குறுக்க நிக்கறேன். கொஞ்சம் நவுந்திருக்கலாம்."

டீ வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.