குருவி விரட்டும் குரல்

மலைமேல் புதூர்நாட்டில் நான் வாத்தியாராக இருந்தபோது அங்கே ஒரு வனக்காவலர் இருந்தார். ஒல்லியான, நெட்டையான மனிதர். மெட்ராஸில் பெரிய ஓட்டப்பந்தயம் ஓடி முடித்துவிட்டு வந்தவர். அதன்பிறகு தினமும் விடிந்ததும் கேன்வாஸ் ஷூ மாட்டிப் பாறையில் உட்காருவார். ஓடாமலே கழற்றிவிடுவார்.

"ஏங்க ஓடல?"

"அங்க ரோடு பூரா ஜனங்க கத்துனாங்க சார். இங்க யாருக்காவ ஓடறது?"

சாமை கதிர் விட்டது. பெண்கள் கொல்லையில் கட்டிய பரணில் ஏறிக் கதிர் கொத்தும் குருவிகளை விரட்டக் கூவினார்கள். அவர் எழுந்து ஓடினார்.

"குருவிக்குத்தான் கத்தறாங்கன்னு எனக்குத் தெரியும் சார். காலுக்குத் தெரியலயே!"

அறுவடை முடிந்து பரண்கள் காலியாயின. அவர் மறுபடியும் ஷூவோடு பாறையில் உட்கார்ந்துவிட்டார். ஒருநாள் காலை, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, அறுத்த கொல்லையில் நின்று இல்லாத குருவிகளை நான் கூவி விரட்டினேன்.