மதினி கேட்ட விசில்: விருதுநகர்ப் பூங்காவில் ஆறுமணிக்குருவி

பொங்கல் விடுமுறையில் நான் விருதுநகர் போனதற்குக் காரணம் ஒரு விசில் சத்தம். சாத்தூர் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்த என் மதினிக்கு, போன வருடம் நடந்த வெடிவிபத்தில் இடது காது போய்விட்டது. ஒரு மாதமாகக் காலையில் பூங்காவில் நடக்கும்போது யாரோ விசிலடிப்பது கேட்கிறதாம். திரும்பினால் ஆளில்லையாம். “இந்தக் காதும் போகப்போகுதோ, செல்வி?” என்று போனில் அழுதார். எப்படிக் கேட்கிறது என்றேன். இரண்டு சுரத்தில் விசிலடித்துக் காட்டினார். எனக்கு ஒரு பறவையின் ஞாபகம் வந்தது. ஆனால் கண்ணால் பார்க்காமல் எப்படி நம்பிக்கை கொடுப்பது?

மதுரை மாட்டுத்தாவணியிலிருந்து பஸ்ஸில் ஒன்றே கால் மணி நேரம். மறுநாள் விடியும்போது இருவரும் பூங்காவில் இருந்தோம். வேலியோரம் புங்க மரங்கள், அடியில் கூட்டாத சருகு. ஆறு மணி வாக்கில் விசில் கேட்டது. மதினி என் கையை இறுகப் பிடித்தார்.

“ஒனக்குங் கேட்டுச்சா?”

“கேட்டுச்சு மதினி.”

“எங்கிட்டிருந்து?”

ஒரு காதால் மட்டும் கேட்பவர்களுக்குச் சத்தம் வரும் திசை லேசில் பிடிபடாது. தோளைப் பிடித்து மெல்லப் புங்க மரத்துப் பக்கம் திருப்பினேன். சருகுக்குள்ளிருந்து ஒரு குருவி தத்தித் தத்தி வந்தது. மைனாவைவிடச் சின்னது. பச்சை முதுகு, கண்மேல் கறுப்புப் பட்டை, தோளில் நீலம், குட்டை வாலுக்கடியில் குங்குமச் சிவப்பு.

“ஆத்தி! இம்புட்டுக் கலரா!”

“ஆறுமணிக்குருவி. குளிர்காலத்துக்கு வடக்கேயிருந்து வரும்.”

அது தலையை நிமிர்த்தி மறுபடி கூப்பிட்டது. அலகு திறந்து மூடியதை மதினி பார்த்துக்கொண்டே இருந்தார். கண்ணீரைத் துடைக்கவில்லை.

“அப்ப நெசமாத்தான் கேட்டிருக்கு,” என்றார்.

ஊர் திரும்புமுன் காது டாக்டரிடமும் காட்டினோம். வலது காதில் ஒரு குறையும் இல்லை.

நீங்கள் தேடிப் போவதென்றால் அக்டோபரிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை போகலாம். காலையிலும் மாலையிலும் ஆறு மணியை ஒட்டிக் கூப்பிடும். கிளையைப் பார்க்காதீர்கள், நிழலான தரையைப் பாருங்கள். படமெடுப்பதற்காகப் பதிவு செய்த குரலைப் போட்டு அலைக்கழிக்காதீர்கள். சருகு இருந்தால்தான் அதற்குப் புழுபூச்சி கிடைக்கும்.

விபத்துக்குப் பிறகு, மற்றவர்கள் சொல்வது தப்பாகக் காதில் விழுந்துவிடுமோ என்று மதினி வெளியாட்களிடம் பேசுவதையே விட்டிருந்தார். போன வாரம் அவராகவே பூங்கா கூட்டுகிற அம்மாவிடம் போய், “யக்கா, அந்த மூலைய மட்டும் கூட்டாம விடுங்க, அங்கன ஒரு குருவி இருக்கு,” என்றாராம்.

பிறகு இருவரும் நின்று வெகுநேரம் பேசினார்களாம்.