நாற்பது இஞ்ச் ஸ்வெட்டர்

ஸ்காட்லாந்தின் வடக்கே நான் இருக்கும் சிற்றூரில், பின்னியதைப் பிரிப்பதற்கு யாரும் அலட்டிக்கொள்வதில்லை. வியாழக்கிழமை மதியம் நூலகத்தின் பின்னறையில் ஏழெட்டுப் பெண்கள் கம்பளி நூலும் ஊசியுமாக உட்காருவார்கள். நாலு வாரம் பின்னிய முதுகுப் பக்கத்தில் ஒரு கண்ணி தப்பியிருப்பது தெரிந்தால், பேச்சைக்கூட நிறுத்தாமல் ஊசியை உருவி, சரசரவென்று இழுத்து, மறுபடி உருண்டையாகச் சுற்றிவிடுவார்கள். முதல் தடவை பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது. ஆரம்பாக்கத்தில் எங்கள் வீட்டில் ஒரு துணி அளவு மாறிப்போனால் வேறு யாருக்காவது போகும், கடைசியில் தரை துடைக்கப் போகும். ஆக்கியதை அழிப்பது என்ற பேச்சே கிடையாது.

இங்கே நான் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். திங்கள்தோறும் முப்பது பேருடைய எடையைப் பார்த்துக் குறிப்பது என் வேலை. யாருக்காவது இரண்டு கிலோ குறைந்தாலே டாக்டருக்குப் போன் போட்டுவிடுவேன். இதை இப்போதே சொல்லி வைக்கிறேன், பிறகு என்னைத் திட்டுவதற்கு உங்களுக்கு வசதியாக இருக்கும்.

என் அண்ணன் கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் ஆலையில் இருபது வருஷம் ஃபர்னஸ் பக்கத்தில் நின்றவர். அப்பா போன பிறகு, ஓவர்டைம் பார்த்து என்னை நர்சிங் படிக்க வைத்தார். நாலு வருஷத்துக்கு முன் என்னை விமானம் ஏற்ற வந்தபோது, நான் வாங்கித் தந்த நாற்பது சைஸ் சட்டை அவர் மார்பில் பட்டன் தெறிக்கிற மாதிரி நின்றது. எனக்கு அண்ணன் என்றால் அந்தச் சட்டைதான்.

போன கார்த்திகையில் ஒருநாள் வீடியோவில் கேட்டார். தோளைச் சுற்றித் துண்டு போர்த்தியிருந்தார்.

“பாப்பா, அங்க போட்டுக்கினு சுத்துறியே, அந்த மாதிரி ஸ்வெட்டர் ஒண்ணு எனக்கு எடுத்தாந்து குடேன்.”

“நம்மூரு வெயிலுக்கு ஸ்வெட்டரா? இன்னாண்ணா, காமெடி பண்றியா?”

“ஃபர்ஸ்ட் ஷிப்டுக்கு வண்டில போவ சொல்ல பனி தாங்கல பாப்பா.”

நம்பிவிட்டேன். வாங்கிக் கொடுப்பானேன், நானே பின்னுகிறேன் என்று கிளம்பினேன். அதுவரை வியாழக்கிழமைக் கூட்டத்தோடு சேர்ந்து ஆஸ்பத்திரிக் குழந்தைகளுக்குக் குல்லாயும் உள்ளங்கை அளவு ஸ்வெட்டரும்தான் பின்னியிருந்தேன். பெரிய ஆளுக்கு இதுதான் முதல். கூட்டத்தில் மோரின் என்பவள் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். முதலில் அளவு வாங்கு, பிறகுதான் ஊசியைத் தொடவேண்டும் என்று கறாராகச் சொன்னாள்.

அண்ணி அளந்து அனுப்பினார். மார்பு முப்பத்திரண்டு.

போன் போட்டேன். “அண்ணி, டேப்ப எங்க புடிச்சி அளந்த நீ?”

“அப்டிதான் இருக்குது செல்வி. நீ பாத்துப் போட்டுக்கோ.”

அளவை நான் குறித்து வைத்திருந்த சீட்டை மோரின் பார்த்துவிட்டு, “பள்ளிக்கூடப் பையனுக்கா பின்னுகிறாய்?” என்று கேட்டாள். “இல்லை, என் அண்ணிக்கு அளக்கத் தெரியவில்லை” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறையத் தோன்றுகிறது. சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு நாற்பதுக்குக் கண்ணி எண்ணி ஏற்றினேன்.

உடம்புப் பகுதி முடிய ஐந்து மாதம் ஆயிற்று. எங்கேயாவது சிக்கினால் யாராவது ஒருத்தி வாங்கிச் சரிசெய்து தருவாள், யாரும் முகம் சுளித்ததில்லை. சித்திரையில் ஒரு வியாழன், கை நீளம் பார்ப்பதற்காக நூலகத்திலிருந்தே அண்ணனை அழைத்தேன். கையை நீட்டச் சொன்னேன். நீட்டினார். துண்டு நழுவியது. தோள் எலும்பும் கழுத்துப் பள்ளமும் தெரிந்தன. அப்போது வந்த இருமல் நிற்கவே இல்லை. அது நுரையீரல் போனவர்களின் இருமல் என்று எனக்குத் தெரியும். அதைத் தெரிந்துகொள்ளத்தானே அவர் என்னைப் படிக்க வைத்தார்.

மோரின் எதுவும் கேட்காமல் நான் பின்னத் தொடங்கியிருந்த ஸ்வெட்டர் கையை ஊசியோடு வாங்கிக்கொண்டாள். இன்னொருத்தி அடுத்த கைக்கு நூலை எடுத்தாள். பிரித்து அளவைக் குறைக்க நேரமில்லை. நாலாம் நாள் எனக்கு லீவு கிடைத்தது, அன்றே இரண்டு கையும் வைத்துத் தைத்த ஸ்வெட்டரை என் வாசலில் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

ஆரம்பாக்கம் ஸ்டேஷனில் இறங்கியபோது தார் உருகுகிற வெயில். வீட்டுக்குள் அண்ணன் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார். பத்து மாதமாக வேலைக்கே போகவில்லையாம். ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்துப் படித்துவிட்டு, கொல்லைப்பக்கம் அண்ணியைப் பிடித்துக் கத்தினேன். எப்படி மறைக்க மனசு வந்தது உனக்கு?

“சொன்னா இன்னா பண்ணியிருப்ப? வேலைய வுட்டுட்டு ஓடியாந்திருப்ப. சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கினாரு. நானும் எல்லாத்தையும் மறைச்சேன். அளவ மட்டும் பொய் சொல்லல செல்வி. நீதான் நம்பல.”



சாயங்காலம் ஸ்வெட்டரைப் போட்டுவிட்டேன். அதற்குள் இன்னொரு ஆள் நுழையலாம். அண்ணன் குனிந்து பார்த்துச் சிரித்தார். “எனக்குப் பின்னுனியா, ஃபர்னஸுக்குப் பின்னுனியா பாப்பா?”

“பிரிச்சி சின்னதா போட்டுடறேன்ணா. ஒரு வாரம்தான்.”

“வேணாம். பெருசாவே இருக்கட்டும். ஒடம்பு தேறிட்டா சரியா பூடும் இல்ல?”

ஃபைலின் கடைசிப் பக்கம் வரை படித்தவள் நான். “ஆமாண்ணா. ரெண்டு மாசத்துல சரியா பூடும்” என்றேன். சுவரோரம் நின்ற அண்ணி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

வெளிநாட்டில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நல்லது மட்டும் சொல்லும் ஊர்க்காரர்களுக்கு நாலு வார்த்தை சூடாக எழுதவேண்டும் என்றுதான் இந்தக் கட்டுரையைத் தொடங்கினேன். எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

மூன்று வாரத்தில் திரும்பி வந்தேன். ஆடியில் அண்ணன் போய்விட்டார். மறுபடி லீவு கிடைக்கவில்லை, முதியோர் இல்லத்தின் துணி துவைக்கும் அறையில் நின்று அடக்கத்தைப் போனில் பார்த்தேன். அவ்வளவு வெயிலில், சவப்பெட்டிக்குள் அந்த ஸ்வெட்டரோடுதான் இருந்தார். அது அவருக்குச் சரியான அளவில் இருப்பதுபோலவே இருந்தது. “மிச்சத்த முதுகுப் பக்கம் மடிச்சி ஊக்கு குத்திட்டேன் செல்வி. பிரிக்க வேணாம்னு சொன்னாரே” என்றார் அண்ணி.

இங்கே பனி விழ ஆரம்பித்துவிட்டது. வியாழக்கிழமைகளில் போய் உட்காருகிறேன், மோரின் எனக்குப் பக்கத்து நாற்காலியைப் பிடித்து வைத்திருப்பாள். அதே நூலில் ஓர் உருண்டை மீந்து என் பையில் கிடக்கிறது. மற்றதெல்லாம் ஆரம்பாக்கத்தில், மண்ணுக்கடியில், முதுகில் மூன்று ஊக்குகளோடு இருக்கிறது.